என் தங்கையைக் கட்டிய குத்துச்சண்டை வீரன்

எஜிதியோ மத்தரேசே எழுபது தடவைக்கு மேல் மேடையேறிச் சண்டை போட்டவன். ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. இதை அவனே சொல்வான், யாரும் கேட்காமலே சொல்வான். பொய் என்று அவனை மடக்கவும் முடியாது. எங்கள் ஃபிலடெல்ஃபியாவில் அந்தக் காலத்துச் சட்டம் அப்படி. சண்டை ஆறே சுற்று. ஆறாவது சுற்று முடியும்போது இரண்டு பேரும் காலில் நின்றுகொண்டிருந்தால் நடுவர் யார் கையையும் உயர்த்திக் காட்டக் கூடாது. வென்றவனும் இல்லை, தோற்றவனும் இல்லை. கீழே விழுந்து, பத்து எண்ணும்வரை எழாமல் கிடந்தால்தான் தோல்வி.

எஜிதியோ எங்கே விழுவது? மணி அடித்ததுமே பாய்ந்துபோய் எதிராளியைக் கட்டிப்பிடித்துக்கொள்வான். நடுவர் பிரித்துவிட்டால் ஒரு வட்டம் ஓடுவான், திரும்ப வந்து கட்டிக்கொள்வான். வருஷக்கணக்கில் பிரிந்திருந்த மாமன் மச்சான்கூட அப்படித் தழுவிக்கொண்டு நான் பார்த்ததில்லை. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. இவன் விழாமலிருக்க ஊரான் தோளில் தொங்கியே பத்து வருஷம் ஓட்டினான்.

என் பெயர் அஸ்ஸுந்தா. இந்தத் தெருவில் பாதிப் பிள்ளைகளை வெளியே இழுத்துப் போட்டவள் நான்தான். எஜிதியோ என் தங்கை ஃபிலொமேனாவின் புருஷன். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை.

பதினான்கு வயதில், இத்தாலியில் இருக்கும் எங்கள் ஊர் ரொக்காசேக்காவிலிருந்து சித்தப்பன் பின்னால் கப்பலேறி வந்தவன். சித்தப்பன் அவனை ரயில் பாதை போடுகிற கூட்டத்தில் சேர்த்துவிட்டார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, கை கொப்பளித்துவிட்டது என்று கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டான். கை வலிக்கிறது என்று அங்கிருந்து ஓடியவன் போய்ச் சேர்ந்த இடம் குத்துச்சண்டைக் கொட்டகை! இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

அந்தத் தொழில் அப்போது ஐரிஷ்காரர்கள் கையில் இருந்தது. சீட்டு வாங்குகிறவன் ஐரிஷ்காரன், சீட்டு விற்கிறவனும் ஐரிஷ்காரன். இத்தாலியன் பெயரைப் போட்டால் கொட்டகை காலியாகக் கிடக்கும். அதனால் சண்டைகளை ஏற்பாடு செய்து சீட்டு விற்கிற கீகன் என்பவர் இவனுக்கு கிட் டூலன் என்று பெயர் வைத்தார். நம் பையன்கள் நிறையப் பேர் அப்படித்தான் பெயரை மாற்றிக்கொண்டார்கள், அதில் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் இவன் பச்சைக் கால்சட்டை போட்டுக்கொண்டு, ஐரிஷ்காரர்களின் புனித பத்ரிசியாருக்கு நேர்ந்துகொண்டவன்போலச் சிலுவை போட்டுவிட்டு மேடையேறுவானாம். அவன் அப்பா அங்கே ஊரில் இன்னொருவன் ஆட்டை மேய்த்துக்கொண்டிருந்தார்.

மஞ்சள் காலணி போட்டுக்கொண்டு பெண் கேட்டு வந்தான். ஃபிலொமேனா அந்தக் காலணியைப் பார்த்தாள், விழுந்தாள். எங்கள் அம்மா மட்டும் வேறு கணக்குப் போட்டாள். "வெளிய அடி வாங்கிப் பொழைக்கிறவன் வீட்டுல வந்து கை நீட்ட மாட்டான்டி" என்றாள். அது உண்மைதான், மறைக்க மாட்டேன். என் தங்கையை அவன் ஒரு நாளும் அடித்ததில்லை. அடிக்கவும் ஒரு தெம்பு வேண்டுமே.

முதல் பிள்ளை எட்டாம் நாள் போயிற்று. இரண்டாவது பிறக்கும்போதே மூச்சில்லை. மூன்றாவது டிசம்பர் மாதம் பிறந்தது, ஆண், அழுத அழுகையில் மாடிவீட்டுக்காரி இறங்கி வந்துவிட்டாள். எஜிதியோ உள்ளே வந்தான். பெற்றவளைப் பார்க்கவில்லை. பிள்ளையை இரண்டு கையிலும் தூக்கி எடை பார்த்தான்.

"நம்ம எடைக்கு வந்துருவான் மதினி, பாத்துக்கிட்டே இருங்க."

"உன் எடைக்கு வர்றதுக்கு ஒரு பொட்டி வைக்கோல் போதும். புள்ளைய கீழ வை" என்றேன்.

அந்த நேரத்தில்தான் கீகனுக்கு ஒரு யோசனை வந்தது. தெற்குப் பக்கத் தெருக்கள் முழுக்க இத்தாலியர்களாக நிரம்பிவிட்டார்கள், அவர்கள் பையிலும் காசு இருக்கிறது, அதை எப்படிப் பிடுங்குவது? இரண்டு இத்தாலியர்களைச் சொந்தப் பெயரிலேயே மோதவிட்டால் கூட்டம் தானாக வரும். புத்தாண்டு அன்று மதியம் என்று நாள் குறித்தார். எங்கள் ஒன்பதாம் தெருச் சந்தையில் மீன் கடைச் சுவரிலிருந்து ரொட்டிக் கடைக் கதவுவரை நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்: எஜிதியோ மத்தரேசே, எதிர்த்து சவேரியோ நிக்காஸ்த்ரோ.

சவேரியோவும் எங்கள் ஊர்க்காரன்தான். இருபத்திரண்டு வயது. ஆற்றில் நிலக்கரிப் படகுகளில் மண்வெட்டி பிடிக்கிறவன். மொத்தமே நான்கு சண்டை போட்டிருந்தான், நான்கிலும் எதிராளியைத் தூக்கித்தான் கொண்டுபோனார்கள். இதிலும் ஜெயித்தால் பெரிய அரங்கில் இடம் தருகிறேன், படகை விட்டுவிடலாம் என்று கீகன் அவனிடம் சொல்லியிருந்தார்.

சவேரியோ சவரக் கடையில் உட்கார்ந்து பேசியது எஜிதியோ காதுக்கு வந்தது. "அண்ணன் கட்டிப்பிடிச்சா தாராளமா பிடிக்கட்டும். கட்டிப்பிடிக்கிறவன் விலா தெறந்துதானே கெடக்கும்? எனக்கு அது போதும்" என்றானாம்.

அன்றிலிருந்து எஜிதியோவுக்குச் சோறு இறங்கவில்லை. ஃபிலொமேனா செய்துவைத்த மிளகாயும் முட்டையும் தட்டிலேயே காய்ந்தது. ஐரிஷ்காரன் தெருவில் டூலன் விழுந்தால் டூலனுக்குத்தான் கேவலம், அவன் யாரோ. இங்கே அப்பன் வைத்த பெயரோடு, ஊர்க்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் விழவேண்டும். 'தோற்றதில்லை' என்கிற அந்த ஒரு சொல்தான் அவன் வாழ்க்கையில் சம்பாதித்த சொத்து. அதுவும் போனால் அவனிடம் மஞ்சள் காலணி மட்டும்தான் மிஞ்சும்.

பயந்தவன் மூளை எப்படியெல்லாம் வேலை செய்கிறது பாருங்கள். பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நிற்க என் புருஷன் கயெத்தானோவைத்தான் முதலில் கூப்பிட்டிருந்தான். கயெத்தானோ அதற்காகச் சட்டைக்குப் புதுக் கழுத்துப்பட்டைகூட வாங்கிவிட்டார். திடீரென்று ஒரு மாலை ஒரு புட்டி சோம்பு மதுவோடு ஃபிலொமேனாவையும் கூட்டிக்கொண்டு சவேரியோ வீட்டுக்குப் போய்விட்டான்.

"என் மகன் ஞானஸ்நானத்துக்கு நீதான் ஞானத்தகப்பனா நிக்கணும்" என்றானாம்.

சவேரியோ விழித்திருக்கிறான். "நானா அண்ணே? ஒண்ணாந்தேதி நாம ரெண்டு பேரும் மேடையில..."

"அது பொழைப்பு. இது புள்ள."

எங்களில் ஞானஸ்நானத்துக்குக் கூப்பிட்டால் மறுக்கக் கூடாது. மறுத்தால் அந்தப் பாவம் குழந்தை தலையில் விடியும். போதாததற்கு என் தங்கை, ஒரு சூதும் தெரியாதவள், அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு போயிருச்சு தம்பி. இது நிக்கணும். உன்ன மாதிரி உடம்போட நிக்கணும்" என்று அழுதிருக்கிறாள். அவனும் அழுதுவிட்டான். முரட்டு உடம்புக்காரன்களுக்கு மனசு வெல்லக்கட்டிதான்.

டிசம்பர் கடைசி ஞாயிறு. பிள்ளையை நான்தான் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். சாமியார், "சாத்தானை விட்டுவிடுகிறாயா?" என்று ஞானத்தகப்பனைக் கேட்டார். சவேரியோ மெழுகுத்திரியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "விட்டுவிடுகிறேன்" என்று கோயிலே கேட்கும்படி சொன்னான். சாத்தான் பக்கத்திலேயே மஞ்சள் காலணி போட்டுக்கொண்டு நின்றான், ஒருவரும் பார்க்கவில்லை.

அந்தத் தண்ணீர் பிள்ளை தலையில் விழுந்த நிமிஷத்திலிருந்து அவர்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் கும்பாரே, பெற்ற தகப்பனும் ஞானத்தகப்பனும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அது ஸ்நாபக அருளப்பர் போட்ட முடிச்சு. எங்கள் ஊரில் அண்ணனைக் குத்தியவன் இருக்கிறான், பெற்ற அப்பனைத் தள்ளிவிட்டவன் இருக்கிறான். கும்பாரே மேல் கை வைத்தவன் இல்லை. அப்படிச் செய்தவனுக்குக் கிணற்றில் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

விருந்தில் சர்க்கரை பூசிய பாதாம் கொடுத்துக்கொண்டிருந்தோம். எஜிதியோ வாய் ஓயாமல், "சாப்பிடுங்க கும்பாரே", "ஊத்திக்கோங்க கும்பாரே" என்று ஏலம் போட்டான். சவேரியோவுக்கு எந்தக் 'கும்பாரே'யில் புத்தி தெளிந்ததோ தெரியவில்லை, கரண்டி பாதியில் நின்றது. பிறகு எழுந்து பிள்ளையை முத்தமிட்டுவிட்டுப் போய்விட்டான்.

நான் எஜிதியோவை அடுப்படிக்கு இழுத்தேன்.

"என் புருஷன கூப்புட்டுட்டு எதுக்கு மாத்துன?"

"மதினி, குத்துச்சண்டைன்னா கை மட்டும் போதாது, மூளை வேணும். அவனால என்னைய அடிக்க முடியாது. அருளப்பர் அவன் கைய கட்டிப்புட்டார்."

"உன் கையையும் சேத்துத்தான கட்டியிருக்கார்?"

"என் கைய நான் என்னைக்கு மதினி நீட்டுனேன்?" என்று சிரித்தான். "ஆறு சுத்தும் ரெண்டு பேரும் கட்டிப்புடிச்சுக்கிட்டு நிப்போம். மணி அடிச்சா வீட்டுக்கு வந்துருவோம். யாருக்கும் சேதாரமில்ல."

"தூ! புள்ளைய கேடயமாத் தூக்கிப் புடிக்கிற நீயெல்லாம் ஒரு அப்பன்" என்றேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான். அந்த ஜென்மத்துக்கு உறைத்தால்தானே.

மறுநாள் சவேரியோ கீகனிடம் போய், என்னால் முடியாது, அவர் எனக்குக் கும்பாரே ஆகிவிட்டார் என்று சொல்லியிருக்கிறான். ஐரிஷ்காரருக்கு இதெல்லாம் எங்கே புரியும்? சொந்தத் தம்பியோடு சண்டை போட்டவர்களை எனக்குத் தெரியும், வராவிட்டால் இந்த நகரத்தில் எந்த மேடையிலும் உனக்கு இடமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

புத்தாண்டு மதியம் ஆண்கள் எல்லோரும் கொட்டகைக்குப் போய்விட்டார்கள். நான் ஃபிலொமேனாவோடு இருந்தேன். பொழுது சாய்கிறபோது கயெத்தானோ வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை, உட்காரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

முதல் இரண்டு சுற்றும் எஜிதியோ சொன்னபடியே நடந்திருக்கிறது. சவேரியோ கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான், இவன் போய்க் கட்டிக்கொண்டான். விஷயம் தெரிந்த நம்மவர்கள் பேசாமல் இருந்தார்கள். அவர்களுக்கு அது சரியென்றே பட்டது, கும்பாரேக்கள் வேறு எப்படி நிற்பார்கள்? மேல்வரிசை ஐரிஷ்காரர்கள்தான் சீட்டியடித்து, பாட்டுப் பாடி, ஆரஞ்சுத் தோலை எறிந்திருக்கிறார்கள். மூன்றாவது சுற்றில் நம் பக்கத்திலிருந்து, எதுவும் தெரியாத வேற்றூர்ப் பையன் எவனோ, "எஜிதியோ! எஜிதியோ!" என்று கத்தினான். கூட நாலைந்து பேர் கத்தினார்கள்.

பத்து வருஷத்தில் அந்தப் பெயரை ஒரு கொட்டகையில் அவன் கேட்டதே இல்லை. எதிரே ஒருத்தன் கையைத் தொங்கவிட்டு நிற்கிறான், திருப்பி அடிக்க மாட்டான், அடிக்கவே மாட்டான். பத்து வருஷமாகப் பயந்து செத்த பயலுக்கு அந்த ஒரு நிமிஷத்தில் பயம் போய்விட்டது. குத்தினான்.

"மூக்குல" என்றார் கயெத்தானோ. "ரத்தம் கொட்டுது. அவன் கைய தூக்கல. இவனப் பாத்து, 'கும்பாரே'ன்னு மட்டும் சொன்னான். முன்வரிசைல இருந்த எனக்குக் கேட்டுச்சு. அதுக்கப்புறமும் குத்தினான். அந்தப் பய விழுகிற வரைக்கும் குத்தினான்."

பத்து எண்ணினார்கள். எஜிதியோ மத்தரேசே தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவனைச் சாய்த்துவிட்டான். நடுவர் அவன் கையைத் தூக்கினார். அவன் சிரித்துக்கொண்டே நம்மவர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினான். அவர்கள் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தார்கள்.

ஃபிலொமேனா பிள்ளைக்குப் பால் கொடுத்து முடித்தாள். புருஷன் வந்தபோது சாப்பாடு எடுத்து வைத்தாள். வழக்கமாக அவன் முகத்து வீக்கத்துக்கு வினிகர்த் துணி போடுவாள். அன்று முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்கிறேன். சவரக் கடையில் காலி நாற்காலி இருக்கும்போதே, "ஆள் வர்றாங்க" என்றார்கள். சீட்டாட்ட மேசையில் இவன் உட்கார்ந்தால் ஆட்டம் முடிந்துவிடும். மாதாகோயிலில் அவன் உட்காருகிற பலகை முழுக்க அவனுக்கே. கீகனும் கைவிட்டுவிட்டார், இவன் பெயரைப் போட்டால் இத்தாலியன் ஒருத்தனும் சீட்டு வாங்கவில்லை. கையைத் தொங்கவிட்டவனை அடித்தவன் என்று ஐரிஷ்காரர்களும் காறித் துப்பினார்கள். எந்தப் பெயரைக் காப்பாற்ற இத்தனை சூழ்ச்சி செய்தானோ அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒரு நாதி இல்லை.

சவேரியோ என்ன செய்தான் தெரியுமா? மூக்கு வளைந்துபோன முகத்தோடு, திரும்பவும் நிலக்கரிப் படகுக்கே வேலைக்குப் போனான். கை ஓங்காதவன் என்று கீகன் அவனையும் ஒதுக்கிவிட்டார். ஆனால் மாதம் பிறந்தால் பிள்ளையைப் பார்க்க வந்துவிடுவான். பிள்ளைக்கு ஏதாவது கொண்டுவருவான். "சௌக்கியமா கும்பாரே?" என்று எஜிதியோவைக் கேட்பான், மரியாதையாக, ஒரு குத்தலும் இல்லாமல். எஜிதியோ அவனுக்கு மது ஊற்றிக் கொடுக்க வேண்டும், வழக்கம் அப்படி. ஊற்றுகிறபோது புட்டி குவளையில் தட்டித் தட்டிச் சத்தம் போடும். பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, பொய் சொல்வானேன், வயிறு குளிர்ந்தது.

மார்ச் மாதம் பொறுக்க முடியாமல் ஊர்ச் சங்கத்துத் தலைவர் வீட்டுக்குப் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நான் என்ன செஞ்சா தீரும்?" என்று கேட்டான். தலைவர் வாசலிலேயே நிற்கவைத்துப் பதில் சொன்னார்.

"அடிச்சவன் அதே மாதிரி வாங்கிக்கணும். எல்லாரும் பாக்க வாங்கிக்கணும். அன்னைக்கு உன் கூட உக்காந்து சாப்புடுவோம்."

சூசையப்பர் திருநாள் வந்தது. தெருவில் நீள மேசை போட்டு, சூசையப்பர் படத்துக்குப் பூ வைத்து, கடலையும் ரொட்டியும் எண்ணெயில் பொரித்த இனிப்பும் பரப்பி, ஏழை பணக்காரன் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். சவேரியோ ஃபிலொமேனாவிடமிருந்து பிள்ளையை வாங்கி மடியில் வைத்திருந்தான். எஜிதியோ எங்கிருந்தோ வந்து நேராக அவன் முன்னால் நின்றான். சட்டையைக் கழற்றி மேசையில் போட்டான். நல்ல குளிர்.

"எந்திரிங்க கும்பாரே. அடிங்க."

சவேரியோ நிமிர்ந்து பார்த்தான்.

"உக்காருங்க கும்பாரே. சாப்புடுங்க."

"அடிங்கன்னு சொல்றேன்ல! நான் கைய தூக்க மாட்டேன். மூக்குல குத்துங்க, விழுகிற வரைக்கும் குத்துங்க. எல்லாரும் பாக்கட்டும்."

"அதெப்படி முடியும் கும்பாரே?"

எஜிதியோ கத்த ஆரம்பித்தான். திட்டினான். சவேரியோவின் அம்மாவைத் திட்டினான், செத்துப்போன அப்பாவைத் திட்டினான், கோழை என்றான். வேறு எவனாவது இருந்தால் அந்தப் பேச்சுக்குக் கத்தியே எடுத்திருப்பான். சவேரியோவின் கழுத்து நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன். கை மட்டும் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் எஜிதியோ முழங்காலில் விழுந்தான். பத்து வருஷத்தில் எவன் அடித்தும் விழாதவன் தெருக் கல்லில் மண்டிபோட்டு, முகத்தை நீட்டிக்கொண்டு, மூக்கு ஒழுக அழுதான்.

"ஒரே ஒரு அடி, சவேரியோ. உன் கால்ல விழுறேன். ஒண்ணு போடு. நானும் மனுசனாயிருவேன்."

"எனக்கு மட்டும் ஆசை இல்லையா?" என்றான் சவேரியோ. "படகுல ஒவ்வொரு நாளும் மண்வெட்டி போடும்போது உங்க மூஞ்சியத்தான் நெனச்சுக்குவேன். ஆனா இந்தப் புள்ளைக்கு நான் ஞானத்தகப்பன். நீங்கதான கும்பாரே, வீடு தேடி வந்து என்னைய அப்படி ஆக்குனீங்க?"

எழுந்து, பிள்ளையை ஃபிலொமேனாவிடம் கொடுத்தான். மண்டிபோட்டிருந்தவனை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினான். சட்டையை எடுத்து அவன் தோளில் போர்த்திவிட்டான். எஜிதியோ அந்தக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் அடித்துக்கொள்ளப் பார்த்தான். சவேரியோ விரல்களை மடக்கி, மெல்ல விடுவித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

எஜிதியோ மேசையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். யாராவது அடித்தால் தேவலை என்று இருந்திருக்கும். எனக்குக் கை துறுதுறுத்தது, ஆனால் நான் எதற்கு அவனுக்கு அந்த உபகாரம் செய்ய? கடலைப் பாத்திரத்தை அடுத்தவருக்கு நகர்த்திவிட்டு, நான் சாப்பிட ஆரம்பித்தேன். மற்றவர்களும் சாப்பிட ஆரம்பித்தார்கள்.